தோற்கிற கிளப்பின் வெயிட்டிங் லிஸ்ட்

1. திங்கட்கிழமைக் கியூ

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் அணி எட்டுக்கு ஒன்று என்று தோற்றிருந்தது. ஐஸ் ஹாக்கியில் அது சாதாரணத் தோல்வி அல்ல, மானம் போகிற தோல்வி. திங்கள் காலை மிச்சம் (Mitcham) என்கிற எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்து ஐஸ் ரிங்க்குக்குப் போய் இறங்கினால், டிக்கெட் ஆபிஸ் வாசலில் நீளமாக ஒரு கியூ. காசைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்கு முன் நான் வேலை செய்தது ஒரு சேலைக் கடையில். சாயம் போன சேலையைக் கொண்டுவந்து மேசையில் எறிகிற சனத்தைப் பார்த்துப் பழகியவள். ஆகவே ரிஃபண்ட் படிவக் கட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறந்தேன். ஒரு படிவம்கூடத் தேவைப்படவில்லை. நின்ற அத்தனை பேரும் அடுத்த சனிக்கிழமை மேட்சுக்கு டிக்கெட் வாங்க வந்தவர்கள்.

கியூவில் முதலாவதாக நின்றவர் பஸ் டிரைவர் உடுப்பில் இருந்தார். என் பெயர் அட்டையில் மனோன்மணி என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா தமிழோ?" என்று கேட்டார். பெயர் அன்டன், மன்னார்க்காரர். தன்னிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது, இது பஸ் கராஜில் தன்னோடு வேலை செய்கிற ஆட்களுக்கு என்றார். எட்டு கோல் வாங்கிய அணியைப் பார்க்க மற்றவர்களையும் ஏன் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். முதல் நாளே என் வேலை போயிருக்க வேண்டியது.

அவர் சிரித்தார். "தோக்கிறது அவையின்ர வேலை அக்கா. வாறது எங்கட வேலை."

அன்டனின் இடம் டி பிளாக், ஆறாவது வரிசை, பதினான்காம் சீட். தன் பங்குக் கோயிலின் பெருநாள் சுற்றுப்பிரகாரத்துக்கு அடிக்கிற டிரம்மைத்தான் மேட்சுக்கும் கொண்டுவருவார். அவர் ஒரு தட்டுத் தட்டினால் டி பிளாக் முழுவதும் கைதட்டும். டி பிளாக் தட்டினால் மற்ற பிளாக்குகளும் தட்டும். நாங்கள் ஆறு கோல் பின்னால் நிற்கிறோம் என்பது வெளியே நின்று கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

2. டேரன் சொன்ன விளக்கம்

பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அணி வெல்லவேயில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வெல்வது ஒரு விசேஷம்போலத்தான் இருந்தது. கிளப்போ ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. எங்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஓனருக்குப் புதுக் கார் வந்தது. எனக்கு இது விளங்கவேயில்லை. சேலைக் கடையில் மட்டமான சரக்கு வைத்தால் ஒரே தீபாவளியில் கடையை மூட வேண்டியதுதான்.

டேரன் என்பவர் கமர்ஷியல் மேனேஜர். ஆள் மரியாதையானவர், பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வருவார். ஒரு ஸ்டாஃப் மீட்டிங்கில் அவரே இதை விளக்கினார். நல்ல கோல்கீப்பருக்கும் கனடாவிலிருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கும் கொட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வெல்லலாம். வென்றால் ரிங்க் நிறையும். ஆனால் அது தோற்றாலும் நிறைகிறதே, பிறகு எதற்குக் கொடுப்பது? வருடா வருடம் ஜெர்சியின் கழுத்துப் பட்டியை மட்டும் மாற்றுகிறோம், அத்தனை பேரும் புதிதாக வாங்குகிறார்கள். இடைவேளையில் பக் எனப்படும் ஆட்ட வட்டைப்போல ஸ்பொஞ்சில் செய்து நம்பர் போட்டு விற்கிறோம், பரிசுக்காக அதை ஐஸின் நடுப்புள்ளிக்கு எறிய வரிசையில் நிற்கிறார்கள். தோற்கிற நாளில் பியர் இன்னும் கூடுதலாக விற்கிறது. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார்.

"எங்கட ஆக்கள் விசுவாசமானவை. அவைக்காண்டி நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை," என்று முடித்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன், கருத்தில் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசுவாசம் என்றால் நாம் தலைமுறை தலைமுறையாக நல்ல குணமென்று சொல்கிற ஒன்று. இந்த மனிதர் அதை ஒரு ஓட்டைபோலக் கண்டுபிடித்து அதன் வழியாகக் கையை விடுகிறார். பனியில் கைகால் விறைக்க வருகிற சனத்துக்கு இவர்கள் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான். எழும்பி நின்று கேட்டிருக்க வேண்டும். நான் என் நோட்டில் மீட்டிங் முடிந்த நேரத்தை எழுதிவிட்டு எழும்பி வந்தேன்.

3. கடிதம்

அந்த வசந்தத்தில் எங்கள் கோல்கீப்பரைக் கிளப் விடுவித்தது. அணியில் உருப்படியாக ஆடியவர் அவர் ஒருவர்தான். எட்டு கோல் வாங்க வேண்டிய இடத்தில் நாலோடு நிறுத்தியவர். சம்பளம் கூடக் கேட்டார் என்று அனுப்பிவிட்டார்கள். டி பிளாக் கொதித்தது. ரசிகர்கள் கூடிப் பேசி, ஓனர் நேரில் வந்து பதில் சொல்லும்வரை சீசன் டிக்கெட் ரினியூ பண்ணுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அன்டன் சண்டைக்குப் போகிற ஆளில்லை. ஆனாலும் எல்லாரோடும் நின்றார்.

வழக்கமாக ரினியூவல் தொடங்கினால் எனக்குத் தேத்தண்ணி குடிக்க நேரமிருக்காது. அந்த வருடம் இரண்டு கிழமை போன் அடிக்கவேயில்லை. ஓனர் முதல்முறையாக எங்கள் டிக்கெட் ஆபிஸுக்கே வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அப்பாடா, கடைசியில் இவர்களுக்கும் ஒருநாள் உறைக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் டேரன் என் மேசைக்கு வந்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். டி பிளாக் சீட்டுகளுக்கு அறுபது பேர் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் ரினியூ பண்ணாவிட்டால் உங்கள் சீட் அடுத்தவருக்குப் போய்விடும் என்று வர வேண்டும். டி பிளாக் ஆட்களை உனக்குத்தானே பெயர் பெயராகத் தெரியும், உருக்கமாக எழுது என்றார். அப்படி ஒரு லிஸ்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நாங்கள் சொன்னால் இருக்கும் என்றார்.

நான் எழுதினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சொல்லப்போனால் நன்றாகவே எழுதினேன். உங்கள் சீட் என்று எழுதுவதைவிட, இத்தனை வருடம் உங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் என்று எழுதினால்தான் கூடச் சுடும் என்று எனக்குத் தெரியும். ஜன்னலில் இருந்து பார்த்தவளுக்குத் தெரியாதா? அந்தச் சனம் கோலுக்காக வருவதில்லை. பக்கத்துச் சீட்டில் இருப்பவரின் மகளுக்கு ஏ லெவல் ரிசல்ட் வந்துவிட்டதா, முன் வரிசைக் கிழவருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்க வருகிறார்கள். டேரனுக்குத் தெரியாத அந்த விஷயத்தை நான்தான் அவர் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமைக்குள் டி பிளாக் கிட்டத்தட்ட முழுவதும் ரினியூ பண்ணிவிட்டது. கோல்கீப்பரைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. டேரன் எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் வாங்கித் தந்தார்.

4. பதினான்காம் சீட்

வெள்ளிக்கிழமை மத்தியானம் அன்டன் வந்தார். கையில் என் கடிதம், நாலாக மடித்தபடி. சீசன் கார்டையும் எடுத்து ஜன்னலுக்குள்ளால் நீட்டினார். ரினியூ பண்ணத்தான் வந்திருக்கிறார் என்று கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினேன்.

"இல்லை அக்கா, நான் விடப்போறன்," என்றார். "இவ்வளவு சனம் காத்துக்கொண்டு நிக்குதெண்டு எனக்குத் தெரியாது. நான் பதினெட்டு வருசம் இருந்திட்டன். லிஸ்டில நிக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும் தானே. கவுன்சில் குடுக்கிற வீட்டுக்கு நாங்கள் ஒன்பது வருசம் நிண்டனாங்கள், ரெண்டு பிள்ளையளோட ஒரு அறைக்குள்ள. ஆர் முதல் நிக்கினமோ, அவைக்குக் குடுங்கோ."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டேரன் போனில் கதைத்துக்கொண்டு நின்றார். அன்டன், அப்படி ஒரு லிஸ்டே இல்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் கார்டை வாங்கினேன். நல்ல மனசு உங்களுக்கு என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம்போல இருக்கிறது.

அவர் சனிக்கிழமைகளில் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கராஜ் ஆட்கள் சொன்னார்கள்.

சீசன் தொடங்கியது. பதினான்காம் சீட்டை யாரும் வாங்கவில்லை, வாங்க ஒருவர் இருந்தால்தானே. பக்கத்துச் சீட் மோரின் என்கிற வெள்ளைக்காரப் பெண், சீட்டைப் புதிதாக வாங்கியவர் ஒருநாளும் வரவில்லையே என்று என்னிடம் இரண்டுதரம் விசாரித்தார். டிரம் இல்லாமல் டி பிளாக் எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு நேரம் தட்டியது. அன்டனைக் கூப்பிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுப்போம் என்று டேரனிடம் கேட்டேன். "ஒரு சீட் தானே," என்றார். அவர் பக்கத்துக் கணக்கில் அது சரிதான். பிளாக் முழுவதும் தங்கிவிட்டது, ஒன்று போனால் என்ன?

ஜனவரியில் பஸ் கராஜ்காரர் ஒரு குரூப் டிக்கெட் எடுத்து வந்தார்கள். அவர்களோடு அன்டனும் வந்தார், ஏ பிளாக்கில், எதிர்ப்பக்கம். மேட்சின் மூன்று பீரியட்டில் முதலாவது முடிந்ததும் நேரே என் ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் உண்மையான கவலை.

"அக்கா, என்ர சீட் வெறுமையாக் கிடக்கு. மோரினிட்டக் கேட்டன், சீசன் தொடங்கி ஒருநாளும் வரேல்லையாம். அந்த ஆளுக்கு ஏதும் சுகமில்லையோ?"

இதற்குப் பிறகும் பொய் சொல்ல எனக்கு ஏலவில்லை. அப்படி ஒரு ஆள் இல்லை, லிஸ்ட் இல்லை, கடிதத்தை எழுதியது நான் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பின்னால் கியூ நின்றது. அன்டன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் பலகையில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் ஆருக்கு விட்டனான்?" என்று கேட்டார்.

சீட் அப்படியே இருக்கிறது, நாளைக்கே வாருங்கள், நான் கார்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். "இல்லை அக்கா. இனி எனக்கு அதில இருந்து தட்ட ஏலாது."

இரண்டாவது பீரியட்டுக்கு அவர் நிற்கவில்லை.

5. பிரியாவிடை

அன்றே ஒரு தாளில் டி பிளாக்குக்கு வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதி ஜன்னலில் ஒட்டினேன். அடுத்த இடைவேளைக்குள் டேரன் கிழித்துவிட்டார். ஆனால் அதற்குள் மோரின் போனில் படம் எடுத்து ரசிகர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். ஓனர் ஒருநாள் வந்து ரசிகர்களோடு இருபது நிமிடம் பேசினார். வருத்தம் தெரிவித்தார், நல்ல கோல்கீப்பர் வருவார் என்றார். வந்தவர் மலிவானவர்.

வேலையை விட்டுத் துரத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். துரத்தவில்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது, சத்தம்போடாமல் போகவிடுவது அவர்களுக்கு வசதி. வசந்தத்தில் டி பிளாக் திரும்பவும் ரினியூ பண்ணியது, பொய் என்று தெரிந்துகொண்டே. மோரின் காசைக் கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால் ஆபரேஷன் செய்த கிழவர் ஒருவர் மட்டும் சொன்னார், இவர்களை விட்டுப் போனால் நான் சனிக்கிழமைகளில் யாரோடு கதைப்பது என்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய சனிக்கிழமையை வைத்து வாழ்கிறவர்கள்மீதுதான் என் ஆத்திரம் முழுவதும்.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். டேரன் பேசினார். மனோ எங்களோடு இத்தனை வருடம் இருந்தார், ஒருநாள் லீவு கேட்டதில்லை, சம்பளம் கூட்டச் சொல்லி ஒருதரம்கூட வாயைத் திறந்ததில்லை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"மனோவைப்போல விசுவாசமான ஆளை நாங்கள் இனிக் காணமாட்டம்," என்று முடித்தார்.

கேக் தட்டு என் கையிலேயே நின்றுவிட்டது. அந்த மீட்டிங்கில் அவர் அதே சொல்லைச் சொன்னபோது நான் டி பிளாக்குக்காகக் கோபப்பட்டேனே தவிர, அது எனக்கும் சேர்த்துத்தான் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அத்தனை வருடமும் நான் ஜன்னலின் விற்கிற பக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது டிக்கெட் ஆபிஸ்களிலும் கால் சென்டர்களிலும் சேருகிற எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கியூவில் முதலாவதாக நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்து வாசிக்கமுடியாத கடிதத்தை எழுதாதீர்கள். எழுதச் சொல்கிறவர் உங்களைப் புகழ்ந்தால், சம்பளம் கூட்டித் தரச்சொல்லி அந்த இடத்திலேயே கேளுங்கள். நான் அந்த டிரம் அடிப்பவரிடம் கார்டை வாங்கியது ஒரு பெட்டி சாக்லேட்டுக்காக.