‘பேரன்’ சீட்டுகள்

வூஹானில் எங்கள் மொழி ஆய்வு நிலையத்தில் வென்பெய்யைப் போல் கோடு போட ஆள் கிடையாது. சீனத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடுவதில்லை. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டுமானால், முதலில் பென்சில் கோட்டால் பிரிக்க வேண்டும்; பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. வருஷக்கணக்காகக் கோடு போட்டும் அவள் தற்காலிக ஊழியர்தான்.

வீட்டுப் பேச்சும் கணக்கில் சேர வேண்டும் என்று தலைவர் ஹௌ அவளைப் பிடித்தார்.

“சாப்பிடறப்ப வீட்டுல பேசறத டேப்புல பதிவு பண்ணிடும்மா. யாருக்கும் சொல்லாத, சொன்னா நாடகம் ஆடுவாங்க. வேலை நிரந்தரத்தை நான் பாத்துக்கறேன்.”

வென்பெய்க்கு அந்த வேலை வேண்டும். வயிற்றுப் பிள்ளையும் வேண்டும். ஏற்கெனவே ஒரு மகள். இரண்டாவதுக்கு அரசாங்க அனுமதி இல்லை. தடித்த குளிர்ச்சட்டைக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு வந்துபோனாள்.

டேப்பைக் கொடுப்பதற்கு முன் கேட்டுப் பார்த்தாள். கர்ப்பம் என்ற பேச்சே இல்லை. மாமியார் மட்டும் அவள் கிண்ணத்தில் தாமரைக்கிழங்கு சூப்பை ஊற்றிக்கொண்டே, “இது பேரனுக்கு, இந்த எலும்பும் பேரனுக்கு” என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். டேப்பைக் கேட்டு எழுதிய பக்கங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துத்தானே கொடுப்பார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சீட்டுகளுக்குத் தெரிந்துவிட்டது. அடுக்கியபோது ‘பேரன்’ கட்டு ‘சோறு’ கட்டைத் தாண்டி நின்றது.

“யார் வீட்டுப் பேரன்யா இவன், சோத்தையே முந்திட்டான்!” என்று ஹௌ சிரித்தார். சீட்டுகளைத் திருப்பினார். எந்த வீட்டுப் பேச்சு என்று பின்னால் குறித்திருந்ததில் முக்கால்வாசியும் வென்பெய் வீட்டு எண். புத்தாண்டுக்கு அந்த வீட்டில் போய்ச் சாப்பிட்டவர் அவர். மாமியாருக்கு ஒரே மகன், ஒரே பேத்தி என்று அவருக்குத் தெரியும். சிரிப்பு நின்றது. ஒருத்தி கூடுதலாகப் பெற்றால் நிலையத்துக்கே ஆண்டிறுதிப் பணம் கிடைக்காது. பாவி, உடனே தொலைபேசியை எடுத்தார். நாங்கள் மிச்சச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மா ஜீப்பில் வந்தாள். “வாம்மா, சின்ன வேலைதான். அழாத, எல்லாரும் பாக்கறாங்க.”

வயிறு காலியாகி, வெளிறிப்போய்த் திரும்பி வந்தவளிடம் ஹௌ அந்த ‘பேரன்’ கட்டை நீட்டினார்.

“நிரந்தரம் பத்தி இப்பப் பேச முடியாதும்மா. ஒரே வீட்டுல இத்தனை தடவை வந்தா கணக்கு கெட்டுடும். உன் வீட்டுச் சீட்டையெல்லாம் நீயே எடுத்துடு.”

அவள் உட்கார்ந்து, ஒவ்வொரு பேரனாக எடுத்துக் கூடையில் போட்டாள். சாயங்காலத்துக்குள் சோறு மறுபடி முதலில் வந்துவிட்டது.