நாலு ஓட்டை மெஷின்

நேற்று பெல்மதுளையில் என் ரிப்பேர் கடைக்கு ஒருவர் புது வீடியோ கேம் மெஷின் கொண்டுவந்தார். சிடி போடும் வாயைத் தேடித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாயே இல்லை. கேம் எல்லாம் இன்டர்நெட்டில் இறங்குமாம். சிடி இல்லாவிட்டால் எனக்கு ரிப்பேர் வேலை ஏது? அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சூடான பிளாஸ்டிக் வாசனை மட்டும் மாறவில்லை. அது மூக்கில் ஏறியதும் கூடவே ரப்பர் பால் வாசனையும் வந்துவிட்டது. மழை பெய்தால் ரப்பர் வெட்ட முடியாது. எங்கள் பக்கம் மழைக்கா பஞ்சம்? பால் வெட்டுகிறவர்கள் அத்தனை பேரும் பிசுபிசுத்த கையோடு, அந்தக் காலத்தில் நான் வைத்திருந்த, காசு கொடுத்து ஆடும் கேம் கடைக்கு வந்துவிடுவார்கள். இந்த வட்டாரத்திலேயே முதல் கேம் கடை என்னுடையதுதான், கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பேரை வெட்டிவிட்டுத் திறந்த கடை. அது படுத்தால் திரும்பத் தோட்டத்துக்கே போய்த் துரை முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

கொழும்பில் இரண்டு மெஷின் காட்டினார்கள். ஒன்று கேசட் போடுவது, முன்னால் கைப்பிடி சொருக நாலு ஓட்டை, நாலு பேர் ஆடலாம். மற்றது சிடி போடுவது, ஓட்டை இரண்டுதான். கேரம் போர்டுக்கு நாலு பேர் வேண்டாமா? நாலு ஓட்டையையே அள்ளிக்கொண்டு வந்தேன். உள்ளே சுழலும் சாமான் இல்லை, சுலபத்தில் கெடாது. இன்றைக்கும் சொல்கிறேன், மெஷின் என்றால் அதுதான்.

கொஞ்ச மாதம் கடை அதிர்ந்தது. பிறகு எதிரே ரஹீம் நானா சிடி மெஷின் போட்டார். என்னிடம் கேசட் ஐந்தாறுதான். யானை விலை, காப்பி அடிக்கவும் வழியில்லை. அவருக்கோ வாராவாரம் பஸ்ஸில் அப்பளம் மாதிரி புதுப்புது காப்பி சிடி வந்து இறங்கியது.

"எப்பப் பாத்தாலும் அதே காரு தானா மொதலாளி? காருக்கே அலுத்துப் போச்சு!" என்று சொல்லிவிட்டு, பால் வெட்டும் முனியாண்டி எதிர்க்கடைக்கு நடந்தான். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். முன்னால் ஓட்டையை எண்ணினேனே தவிர, அதன் வாய் எதைத் தின்னும் என்று பார்க்கவில்லை.

"ஏங்க, தோட்டத்துக் கணக்கப்புள்ளைகிட்ட சொல்லி மறுபடி பேரு போடச் சொல்லட்டா?" என்றாள் மனைவி.

"செத்தாலும் வேணாம்."

ஒருநாள் நானாவின் மெஷின் திக்கியது. நாள் முழுக்க ஓடிய சூட்டில், உள்ளே சிடியை வாசிக்கும் கண்ணைத் தாங்கிய பிளாஸ்டிக் தேய்ந்து சரிந்திருந்தது. என் கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்த நான், பொறுக்காமல் நானாவின் கடைக்குள் போய் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சரிந்த கண் நேராக உட்கார்ந்தது. ஓடியது!

"யா அல்லாஹ், கவுத்துப் போட்டா ஓடுதே! தம்பி, இனி இதுகள நீங்களே பாருங்க."

அப்படித்தான் ரிப்பேர்காரன் ஆனேன். இரத்தினபுரியிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வந்தார்கள்.

நானாவின் கடை இப்போது மருந்துக் கடை. தோட்டத்து ரப்பர் மரங்களைப் பிடுங்கிவிட்டார்கள், நான் பேரை வெட்டிய அந்தச் செக்ரோலும் இல்லை. தோட்டத்துக்கே திரும்பிப் போய்விடுவேனோ என்ற பயம்தான் என்னை இத்தனை காலம் ஓட வைத்தது. போவதற்கு இடமே இல்லாமல் போன பிறகும், இந்தக் கால் நிற்க மாட்டேன் என்கிறது.