மாவு மாறிய ஞாயிறு

விவாகரத்து ஆனது அண்ணிக்கும் என் அண்ணனுக்கும்தான்; எனக்கும் அண்ணிக்கும் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை தோறும் நான் அண்ணி வீட்டுப் படியேறுவதைப் பார்க்கிறவர்கள், "இன்னுமா அங்க போறே?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. போகாமல் என்ன செய்வது? எங்கள் கோயிலுக்கு ஓஸ்தி சுடுவது அண்ணி. வெட்டுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். கண் ஆஸ்பத்திரியில் வாரம் முழுக்க டோக்கன் கொடுத்து, ஏச்சுப் பேச்சு வாங்கி வரும் எனக்கு, அந்தச் சமையலறையில் உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகும்.

ஓஸ்தி என்பது பூசையில் சாமியார் கையில் ஏந்தி, கிறிஸ்துவின் உடலான நற்கருணை ஆக்குகிற அந்த மெல்லிய வட்ட அப்பம். கோதுமை மாவு, தண்ணீர், அவ்வளவுதான். உப்பு, எண்ணெய் எதுவும் கிடையாது. கோதுமையே இல்லாத மாவில் சுட்டால் அது ஓஸ்தியே இல்லை. அதை வைத்துச் செய்தால் பூசையே ஆகாது என்பது சபையின் சட்டம். வெள்ளிக்கிழமை அண்ணி மாவை நீர்க்கக் கரைத்து, சிலுவை பொறித்த இரட்டைத் தட்டு மெஷினில் ஊற்றித் தகடு தகடாகச் சுடுவார். சூடாக வெட்டினால் நொறுங்கும் என்பதால் ஈரத் துணியில் சுற்றி வைப்பார். சனிக்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்து வட்டம் வட்டமாக வெட்டுவோம். உடைந்ததைச் சலித்து எடுத்துவிட்டு, நல்லதை மட்டும் டப்பாவில் போட்டு அண்ணியே கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

மறுநாள் அதே ஓஸ்தியை வாங்க ஊரே வரிசையில் போகும். அண்ணி மட்டும் கடைசி பெஞ்சில், மற்றவர்கள் தாண்டிப் போக வசதியாகக் காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

என் அண்ணன் கை நீட்டுகிறவன். கூடப் பிறந்தவன் என்பதற்காக அதை மூடி மறைக்க என்னால் முடியாது. ஒரு நாள் உடுத்திய துணியோடு அண்ணியை வெளியே தள்ளினான், பிறகு அவனே கோர்ட்டுக்கும் போனான். சில வருடம் கழித்து அண்ணி ஒரு லிப்ட் மெக்கானிக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். முதல் கல்யாணம் செல்லாது என்று சபை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால்தான் இந்தக் கல்யாணத்தைக் கோயில் ஏற்கும்; அதுவரை அண்ணி நற்கருணை வாங்கக் கூடாது. அண்ணி மனுப் போட்டுப் பார்த்தார். என் அண்ணன் ஒரு விசாரணைக்கும் போகவில்லை, மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. அவன் மறுமணம் செய்யாததால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு அவன் ஊர்க் கோயிலில் ஜம்மென்று வரிசையில் நிற்கிறான். அடித்தவன் வாங்குகிறான், அடி வாங்கியவர் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அண்ணிதான், "விடுடி, உனக்கு பிரஷர் ஏறப் போகுது" என்பார்.

போன மாதம் பிஷப்பான ஆயரிடமிருந்து எல்லாப் பங்குக் கோயில்களுக்கும் ஒரு கேள்வி வந்தது. விவாகரத்தாகி மறுமணம் செய்தவர்களும், தன்பாலினத் துணையோடு வாழ்பவர்களும் கோயில் காரியங்களில் எதுவரை பங்கெடுக்கலாம்? மக்கள் கூடிப் பேசிச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலேயே கூட்டம் என்று சாமியார் அறிவித்தார். அறிவித்த உடனே இரண்டு பக்கம் தலைகள் திரும்பின. ஒன்று அண்ணி பக்கம். இன்னொன்று ஆர்கன் வாசிப்பவர் பக்கம். அவரும் ஒரு சலவைக் கடைக்காரரும் பல வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஊர் அவரை 'ரூம்மேட்' என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டது.

அன்றைக்கு வாசலில், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவையின் தலைவர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "ஓஸ்தி எந்தக் கையால வருதுங்கறதையும் பேசித்தான் ஆகணும்." ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றே பேசிப் பழகியவர்.

அதிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பாட்டில் கை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னை எடுத்துடுவாங்களாடி?" என்று ஒரே கேள்வியைப் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எடுத்தா எடுக்கட்டும் அண்ணி. சம்பளமா தர்றாங்க?"

"வாங்க முடியலன்னா கூட பரவால்ல, மனசைத் தேத்திக்கிட்டேன். செய்யவும் கூடாதுன்னா நான் அந்தக் கோயில்ல யாருடி?"

"சனிக்கிழமை வெட்ட வர்றேன் அண்ணி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை வெட்டும்போதே தகடுகள் சடசடவென்று உடைந்தன. வழக்கத்தைவிட வெளுப்பாகவும் இருந்தன. "துணி ஈரம் பத்தலை போல" என்றேன். அண்ணி காதில் வாங்கவே இல்லை. கூட்டத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை நான் கோயிலுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது போன் வந்தது. "மாவு மாறிப்போச்சுடி" என்றார் அண்ணி.

லிப்ட்காரருக்குக் கோதுமை ஆகாது. ஒரு வாய் தின்றால் இரண்டு நாள் படுத்துவிடுவார். அவருக்கென்று அரிசியும் கிழங்கு மாவும் கலந்த வேறு மாவு தனி டப்பாவில் இருக்கும். அன்று காலை அவர் தனக்கு ரொட்டி தட்ட மாவு பிசைந்திருக்கிறார். "என்னம்மா இது, ரப்பர் மாதிரி இழுக்குது? என் மாவு இப்படி வராதே" என்று கேட்டிருக்கிறார். அண்ணி தொட்டுப் பார்த்தார். அவர் டப்பாவில் இருந்தது கோதுமை. கூட்ட அறிவிப்பு வந்த வாரம், புதுப் பாக்கெட்டுகளை எங்கோ நினைப்பில் டப்பா மாற்றிக் கொட்டியிருக்கிறார். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை சுட்டது?

"யாருக்குத் தெரியும் அண்ணி?" என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். "இன்னைக்குக் கூட்டம் வேற. இதைப் போய்ச் சொன்னா அந்தத் தலைவர் உங்களைத் தொவைச்சு காயப் போட்டுடுவாரு. அதுவும் ரெண்டாவது புருஷனோட மாவுன்னு தெரிஞ்சா! சும்மா இருங்க. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு."

"கடவுளுக்கு விஷயம் தெரியும். வரிசையில நிக்கிறவங்களுக்குத் தெரியாதே." அண்ணி அழுதுகொண்டிருந்தார். "வாங்காம இருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. அவங்க வாங்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டே வாங்காம வீட்டுக்குப் போவாங்க. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி எனக்கு முன்பே வந்து, உடைமாற்றும் அறை வாசலில் நின்றிருந்தார். கோயில் நிரம்பிக்கொண்டிருந்தது. உள்ளே சாமியார் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைவர், கையில் கூட்டத்துக்கான காகிதங்களோடு. தலைவர் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன். அண்ணி என் கையை உதறிவிட்டு உள்ளே போனார்.

"சாமி, இந்த வார ஓஸ்தில கோதுமை இல்ல. என் வீட்டுக்காரர் சாப்பிடற மாவு. தப்பு என்னுது."

சாமியார் முகம் வெளிறியது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "நான் சொல்லலையா சாமி?" என்றார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. எனக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

சாமியார் அலமாரியைக் குடைந்தார். முந்தைய வாரத்து டப்பாவில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. நற்கருணைப் பேழையில் சில இருந்தன. கோயிலில் இருந்த கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு?

அவர் பீடத்துக்கு வந்து முதலில் அதைத்தான் சொன்னார். "ஓஸ்தி மாவு தவறிப்போச்சு. இருக்கிறது ரொம்பக் கொஞ்சம். அதனால நோயாளிகளும் முதியவங்களும் மட்டும் இன்னைக்கு நற்கருணை வாங்கட்டும். மத்தவங்க தயவுசெய்து உங்க இடத்துலயே இருந்து ஜெபியுங்க." அண்ணி பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை, அத்தனை கழுத்தும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை. அன்று நானும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நற்கருணை நேரம் வந்தது. ஆர்கன் ஒலித்தது. சிலர் தடியூன்றியும், பிள்ளைகள் தோளைப் பிடித்தும் மெல்ல முன்னே போனார்கள். மீதிக் கோயில் முழுக்க உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் எழுந்து பாதி தூரம் போய், நினைவு வந்து, அசடு வழியத் திரும்பி வந்தார். பழக்கதோஷம். இரண்டு பெண்கள் தாங்கள் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டது போலச் சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்கள். இடமில்லாமல் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த புதுமணப்பெண், அண்ணி யாரென்று தெரியாமல் காதோரம் கேட்டாள்.

"அக்கா, இப்ப நாம என்ன செய்யணும்?"

"போறவங்களைப் பாரும்மா" என்றார் அண்ணி. "ஒவ்வொருத்தரா போவாங்கல்ல, அவங்களுக்காக வேண்டிக்க. நேரம் போயிடும்."

இத்தனை வருடம் அண்ணி அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எனக்காகவும் வேண்டியிருக்கிறார். நான் அந்த வரிசையில், மதியம் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டு போனவள்.

பூசை முடிந்து கூட்டம். நாற்காலி இழுபட்டது, மைக் கீச்சிட்டது. ஆர்கன்காரர் முதலில் எழுந்தார். "என்னைப் பத்திப் பேசணும்னா நான் இங்க இருக்கும்போதே பேசுங்க. நான் எங்கயும் போகப் போறதில்ல" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். யாரோ இருமினார்கள். ஒருவர் வேதாகமத்தைத் திறந்தார், இன்னொருவர் அதே புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திறந்தார். அரை மணி நேரம் அப்படியே போனது.

பிறகு தலைவர் எழுந்தார். காகிதத்தைப் பிரித்தார், பார்த்தார், மடித்துக்கொண்டார். "இன்னைக்கு நான் வாங்கல" என்றார். "ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு." ஆனால் மனிதர் லேசில் மாறிவிடுவாரா? "இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். ஓஸ்தி வேலைக்கு ஒரு முடிவு எடுக்கணும்."

சாமியார் அண்ணியைப் பார்த்தார். அண்ணி எழுந்தார். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டது.

"மாவை மாத்தினது தப்பு. அதுக்கு என்னை நிறுத்துங்க, நியாயம். வேற யாரு செஞ்சிருந்தாலும் நிறுத்துவீங்கல்ல? அதுக்கு மட்டும் நிறுத்துங்க. என் கல்யாணத்துக்காக நிறுத்துறதா இருந்தா, அதை என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

யாரும் பார்க்கவில்லை. ஆயருக்கு என்ன பதில் எழுதுவது என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. ஓஸ்தி விஷயம் மட்டும் அங்கேயே முடிந்தது. கவனக்குறைவுக்காக இரண்டு மாதம் அண்ணி சுடக் கூடாது, அதுவரை கன்னியர் மடத்திலிருந்து வாங்குவது, அதன்பின் அண்ணியே தொடர்வது.

வெளியே வந்ததும் நான் கொட்டித் தீர்த்தேன். உண்மையைச் சொன்னதற்குப் பரிசா இது, இவர்கள் எல்லாம் மனுஷர்களா, இனி இந்தக் கோயில் வாசலை மிதித்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று என்னென்னவோ கத்தினேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். அண்ணியைத் திரும்பிப் பார்த்தால், கண்ணெல்லாம் நனைந்து, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பயந்துபோனேன்.

"என்ன அண்ணி, சிரிக்கிறீங்க?"

"ரெண்டு மாசம்டி" என்றார் அண்ணி. "முடியிற தண்டனை. இந்தக் கோயில்ல எனக்கு யாரும் அப்படி ஒண்ணு இதுவரைக்கும் குடுத்ததே இல்ல."