ஈரக்கால் படத்தின் கடைசிக் காட்சி

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவை அறைக்கு அடுத்தாற்போல் ஒரு நீளமான அறை இருக்கிறது. கதவைத் திறந்தால் ரப்பரும் பசையும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி போனவர்களுக்கும், புண் ஆறி மறுபடி நடக்கத் தொடங்குகிறவர்களுக்கும் அங்கேதான் செருப்பு செய்கிறார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் கால் அளவு எடுப்பவளுக்கு அவள் வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லித் தேடினால் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. "பாதம்மா" என்று கேட்டால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை கை நீட்டி வழி காட்டுவார்கள்.

அவள் வேலைக்கு முக்கியமான சாமான் ஒரு ரப்பர் விரிப்பு. அதன் அடிப்பக்கத்தில் மை தடவி, கீழே காகிதம் வைத்திருப்பாள். வந்தவர் அதன்மேல் ஒரு காலை வைத்து நின்று இறங்கினால் காகிதத்தில் பாதத்தின் படம் விழும். எடை அதிகம் விழுந்த இடம் கன்னங்கரேலென்று இருக்கும். லேசாகப் பட்ட இடம் வெளுத்திருக்கும். படாத இடம் வெள்ளை. அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து அவள் பார்க்கிற பார்வையைப் பார்த்தால், கடிதம் படிக்கிறாள் என்றுதான் தோன்றும்.

ஒரு முறை லாரி ஓட்டுநர் ஒருவர் இடது காலுக்குச் செருப்பு வாங்க வந்தார். பாதம்மா வலது காலையும் விரிப்பில் வைக்கச் சொன்னாள்.

"அது நல்ல கால்மா" என்றார் அவர்.

"நல்ல கால்தான். ஆனா கட்டைவிரலுக்குக் கீழ பாருங்க, எப்படிக் கறுத்திருக்குன்னு. இப்பவே மெத்தை வெச்சுக்கலைன்னா பத்து நாள்ல புண் வரும்."

ஓட்டுநர் சிரித்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் வலது காலில் கட்டோடு வந்து நின்றார். "சொன்னேன்ல" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை உட்கார வைத்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் சுபாவம் அப்படி.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு சினிமாப் பைத்தியம் இருந்தது. பைத்தியம் என்றால் எல்லாப் படத்தின் மேலும் இல்லை. ஒரே ஒரு படம். அவளும் அவள் அக்காவும் அதை 'ஈரக்கால் படம்' என்றுதான் சொல்வார்கள்.

கதை இதுதான். ஆற்றங்கரையில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவன். அவன் காதலி ஆற்றில் மூழ்கிச் செத்துப்போகிறாள். ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். மழை இருக்கும்வரை அவளும் இருப்பாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். மழை விட்டால் கரைந்துவிடுவாள். கடைசியில் அந்த வருஷத்து மழைக்காலம் முடிகிற நாள். தூறல் நிற்கிறது. அவன் அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறான். திரை இருள்கிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது வீடு காலி. கதவு திறந்து கிடக்கிறது. வெளியே பளிச்சென்று வெயில். தரையில் வாசலுக்கும் அறையின் நடுவுக்கும் இடையே ஒரே ஒருவரின் ஈரக் காலடிகள், விரல்கள் உள்பக்கம் பார்த்தபடி. அவ்வளவுதான், படம் முடிந்துவிடும்.

பத்தொன்பது வயதில் அக்காவோடு தியேட்டரில் அதைப் பார்த்தபோது இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அக்கா சந்தோஷத்தில் அழுதிருந்தாள், தங்கை துக்கத்தில். படி இறங்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். வாய் திறந்தால் மூன்று தெரு கேட்கும். "மழை நின்னுடுச்சு. அதுக்கப்புறமும் ஈரக் காலோட உள்ள வந்திருக்கா. அப்படின்னா என்ன அர்த்தம்? இனிமே மழை தேவையில்லை. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அவ வந்துட்டா!" என்பாள்.

தங்கைக்கு அப்போது எதிர்வாதம் எதுவும் இல்லை. ஏதோ நெருடுகிறது என்பது மட்டும் தெரிந்தது. கால் அளவு எடுக்கிற வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து, அந்தப் படம் சிடி வட்டில் கிடைத்தது. கடைசிக் காட்சியில் நிறுத்தி வைத்துவிட்டு டிவிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் அசையவில்லை. மின்சார வேலை பார்க்கும் அவள் கணவர் டிவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார்.

மறுநாள் அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, நனைஞ்ச காலோட வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்தா எங்க ஈரம் அதிகமா இருக்கும்?"

"வாசப்படியில."

"உள்ள வர வர?"

"காஞ்சுக்கிட்டே வரும். அதுக்கென்னடி இப்போ?"

"அந்தப் படத்துல தலைகீழா இருக்கு. அறைக்கு நடுவுல தண்ணி தேங்கி நிக்குது. வாசல்கிட்ட வெறும் விரல் நுனிதான் தெரியுது. அக்கா, யாரும் உள்ள வரலை. அறைக்குள்ள நனைஞ்ச ஒருத்தர் பின்பக்கமாவே நடந்து வெளிய போயிருக்காங்க. அவன்தான். அவ கரைஞ்ச இடத்துல நின்னு நனைஞ்சிருக்கான். அந்த இடத்தைப் பாத்துக்கிட்டே பின்னால நடந்து ஆத்துக்குப் போயிட்டான்."

அக்கா வாயடைத்துப் போனாள் என்று நினைத்தால் தப்பு. "அப்ப அது அவன் காலா?" என்று மடக்கினாள்.

அங்கேதான் பாதம்மாவுக்கு முடிச்சு விழுந்தது. அந்தக் காலடியில் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். வலது காலின் சுண்டுவிரல் தரையில் படவே இல்லை. ஆனால் படத்தின் நடுவில் கதாநாயகன் ஆற்றில் கால் கழுவுவான். அவனுக்குக் கட்டைவிரல்தான் நீளம். கதாநாயகியின் பாதம் இன்னும் ஒடுக்கம். இருவர் காலும் இல்லை.

"அப்ப திருடன் வந்துட்டுப் போயிருக்கான்" என்று அக்கா கைகொட்டிச் சிரித்தாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சேர்ந்து படம் பார்ப்பதும், அடித்துக்கொள்வதும், பிறகு ஒரே தட்டில் சாப்பிடுவதுமாக நாட்கள் போயின. பிறகு அக்காவின் கணவர், பணிமனையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அக்காவே கூப்பிட்டாள். "வாடி, ஈரக்கால் படம் பாக்கலாம்." பார்த்தார்கள். கடைசிக் காட்சி வந்ததும் அக்கா மெல்லச் சொன்னாள்: "அவ வந்துட்டா."

பாதம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாக்கா. வந்துட்டா" என்றாள்.

அக்கா சட்டென்று திரும்பினாள். "என்னது?"

"நீ சொல்றதுதான் சரின்னு..."

"இருபது வருஷமா இல்லாத சரி இன்னைக்கு எங்கேர்ந்து வந்துச்சு? பாவம்னு பாக்கறியா? ஊரே என்னைப் பாவமாத்தான் பாக்குது. எதிர்த்தாப்ல பேச நீ ஒருத்திதான் இருக்கேன்னு நினைச்சேன். நீயுமா?"

 பாதம்மா எழுந்துபோய்ப் படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தி, திரையில் விரலை வைத்தாள். "வாசல்ல ஈரமே இல்லை, பாரு. கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" அக்காவும் விடவில்லை. அன்றைக்குப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். எட்டு மாதத்தில் அக்கா வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது.

போன வருஷம் ஒரு காலை வேளையில், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரை டாக்டர் அனுப்பிவைத்தார். ஒடிசலான ஆள். வலது உள்ளங்காலில் ஆறாத புண். முதலில் இடது காலை விரிப்பில் வைக்கச் சொன்னாள். பிறகு வலது காலுக்குப் புண்ணின்மேல் மெல்லிய உறை சுற்றி, லேசாக ஊன்றச் சொன்னாள். இரண்டு காகிதத்தையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டாம் விரல் நீளம். வலது சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம்.

"என்னம்மா, காலை எடுக்கணும்னு போட்டிருக்கா அதுல?" என்று பெரியவர் பயத்தோடு கேட்டார்.

"ஐயையோ, அதெல்லாம் இல்லீங்க ஐயா. நீங்க... நீங்க சினிமாவுல ஏதாவது வேலை பாத்தீங்களா?"

பெரியவர் கண்ணைச் சுருக்கினார். "செட்டுக்குத் தரை போடற வேலைம்மா. அதை விட்டு இருபத்தஞ்சு வருஷமாச்சு. என் மருமகளுக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கடைசிக் காட்சியைச் சொன்னாள். பெரியவர் கேட்கக் கேட்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அது நான்தாம்மா! பழைய சிமெண்டுத் தரை மாதிரி வண்ணம் அடிச்சதே நான்தான். அன்னைக்கு அந்தப் பையனும் இல்லை, பொண்ணும் இல்லை, ரெண்டு பேரும் வேலை முடிஞ்சு போயாச்சு. டைரக்டர் எங்க எல்லாரையும் செருப்பைக் கழட்டச் சொல்லி வரிசையா நிக்க வெச்சார். என் காலைப் பாத்துட்டு, 'இது ஆம்பளைக் கால் மாதிரியும் இருக்கு, பொம்பளைக் கால் மாதிரியும் இருக்கு, நீ நட'ன்னார்."

"எப்படி நடந்தீங்க? உள்ள வந்தீங்களா, வெளிய போனீங்களா?" 

"உள்ள வர்ற மாதிரிதான் வேணும்னு சொன்னார். ஆனா உள்ள நடந்து வந்துட்டா நான் எப்படி வெளிய போறது? என் காலடியையே மிதிக்கணும், இல்லேன்னா ஈரக் காலோட வேற பக்கம் போய்த் தரையைக் கெடுக்கணும். அதனால நடுவுல வாளியை வெச்சு, காலை முக்கிட்டு, பின்னாலயே நடந்து வாசலுக்கு வந்துட்டேன். செட்டுக்குக் கூரை கிடையாதே, வாளியைக் கயித்துல மேல இழுத்துட்டாங்க."

பாதம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கால் பின்னால்தான் நடந்திருக்கிறது.

"அப்புறம்தான் நான் கவனிச்சேன்" என்று பெரியவர் தொடர்ந்தார். "ஈரம் தப்பா விழுந்திருக்கு. 'சார், துடைச்சுட்டு மறுபடி நடக்கறேன்'னேன். டைரக்டர் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தார். 'தொடாதே. இதுதான்'னார். ஏன்னு கேட்டேன். பதிலே சொல்லலை. தரை காயறதுக்குள்ள எடுக்கணுமே, எல்லாரும் ஓடினோம்."

அன்று மாலை பாதம்மா வேலை முடிந்ததும் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். அக்கா அறிவிப்பு அறையை விட்டு வெளியே வந்ததும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அக்கா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "டைரக்டர் உள்ள வர்ற மாதிரிதானே வேணும்னு சொன்னார்? அப்ப நான் ஜெயிச்சேன்."

"ஈரத்தைப் பாத்துட்டுத் தொடாதேன்னு சொன்னாரே? அப்ப நான்தான் ஜெயிச்சேன்."

இருவரும் நடைமேடையில் நின்று, வண்டிக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

அந்தக் காலுக்கான செருப்பை அவள் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. புண் இருக்கும் இடத்தில் எடை விழாதபடி அடித்தட்டைத் தானே குடைந்தாள். மூன்று தடவை பிரித்து மறுபடி ஒட்டினாள். வாராவாரம் பெரியவரை வரவழைத்துக் காகிதத்தில் நிற்க வைத்தாள். ஐந்தாவது மாதம் புண் மூடிக்கொண்டது. கட்டை அவிழ்த்த டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாதம்மா, இந்தக் காலை நான் எடுத்திருப்பேன்" என்றார். அவள் மிஷினில் ஒட்டியிருந்த ரப்பர்த் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள், சும்மா தலையை ஆட்டினாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு பெரியவர் முதன்முதலாகப் போன இடம் அக்காவின் வீடு. அக்காதான் விடாப்பிடியாக அழைத்திருந்தாள். அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அது வெளியானபோது வேறெங்கோ தரை போட்டுக்கொண்டிருந்தாராம். தான் நடந்தது எந்தக் கதையில் என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது.

படம் ஓடியது. ஆரம்பத்தில், "அந்தச் சுவர் நான் அடிச்சது, அந்தக் கதவு அட்டை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், முதல் மழையில் அவள் கதவைத் தட்டியதும் பேச்சை நிறுத்தினார். மடியில் இருந்த டம்ளரில் காப்பி ஆறிப்போனது. கடைசித் தூறல் நின்றது. திரை இருண்டது. வெயில் வந்தது. தரையில் அவருடைய சொந்தக் காலடிகள், நீண்ட இரண்டாம் விரலோடு.

பெரியவர் முன்னால் குனிந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"ஏம்மா, அந்தப் பொண்ணு வந்துட்டாளா? இல்ல, இந்தப் பையன் போயிட்டானா?"

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். யார் முதலில் சொன்னது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து மருமகள் தேடிக்கொண்டு வந்தபோது, பெரியவர் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு இருவரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்: "நடந்தவன் நான், என்னைப் பேச விடுங்கம்மா!"