மாமாவுக்கு மந்திரத் தடுப்பு இல்லை

தைப்பூசத்துக்கு நாங்கள் கிள்ளானிலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் பெரியம்மா வீட்டில் தங்குவது வழக்கம். பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ரயில் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டுச் சாமி படங்கள் லேசாக ஆடும். எண்பதுகளில் ஒரு வருடம் அம்மாவின் தம்பியும் எங்களோடு வந்தார். மாமா லோரி ஓட்டுபவர். முந்தின வருடம் லோரி கவிழ்ந்து, கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தவர். அதற்காக அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் முதல் தடவை.

பெரியம்மா மகன் ஆங்கிலப் பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தார். அந்த அண்ணனிடம் ஒரு விளையாட்டு இருந்தது. அதற்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. நகல் எடுத்த தடித்த புத்தகம் ஒன்று, பென்சில், பல முகங்கள் கொண்ட பகடைகள், அவ்வளவுதான். ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். அண்ணன்தான் கதை சொல்பவர். பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர் ஆட வருவார்கள். ஒரு மதியம் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் சொன்னதுதான் எனக்குச் சட்டம்.

எனக்குக் கொடுத்த வீரன் நல்ல பலசாலி. விஷத்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டவன். குகைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று எதிரே வந்தது. என் வாளால் வெட்டினேன். பகடையில் பெரிய எண் விழுந்தது.

"பாதிதான் போகும்," என்றார் அண்ணன். "சாதாரண ஆயுதம் அது மேல சரியா ஏறாது. தடுப்பு இருக்கு."

அடுத்தவர் மந்திரம் ஏற்றிய கத்தியால் குத்தினார். விழுந்தது சின்ன எண்தான். ஆனால் முழுதாக இறங்கியது.

அதற்குப் பிறகு ஒரு சூனியக்காரி வந்தாள். என் வீரனைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். நான் தைரியமாகப் பகடையை உருட்டினேன். விழுந்த எண் போதவில்லை. வீரன் செத்துப்போனான்.

"என் ஆளு கெட்டியாச்சே அண்ணே. இன்னொரு தடவ உருட்டட்டுமா?"

"விழுந்தது விழுந்ததுதான். உடம்பு கெட்டின்னா அது விஷம், குளிரு, பசி இதுக்குத்தான்டா. மந்திரத்துக்குத் தனித் தடுப்பு வேணும். ரெண்டும் வேற வேற லா. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வந்துடாது."

நான் எழுந்து உள்ளே போனேன். சாமி அறையில் அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். விரதம் தொடங்கிய நாளிலிருந்து கிள்ளானில் முருகன் படத்தின் முன்னால் இருந்த மாமாவின் அலகை இங்கேயும் அப்படியே வைத்திருந்தார்கள். முனையில் சின்ன வேல் வைத்த மெல்லிய வெள்ளிக் கம்பி. அம்மா அதற்கு விபூதி பூசி, சந்தனம் வைத்து, கூர் முனையில் எலுமிச்சம்பழம் செருகிக்கொண்டிருந்தார். கோயிலில் கொடுத்து மந்திரம் சொல்லி வாங்கியாகிவிட்டது என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

நான் வாசலிலேயே நின்று அந்தக் கம்பியைப் பார்த்தேன்.

சும்மா ஒரு கம்பியாக இருந்தால் மாமாவை என்ன செய்துவிடும்? கவிழ்ந்த லோரிக்குக்கூட அசையாத உடம்பு அது. ஆனால் இவர்கள் அதை மந்திர ஆயுதமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். விரதத்தில் மாமாவும் இளைத்துப் போயிருந்தார். அவருடைய பாதுகாப்புக்காக அவர்கள் செய்த ஒவ்வொன்றும் என் கணக்கில் அவருக்கு எதிராகவே சேர்ந்தது.

மாமாவுக்கு மந்திரத் தடுப்பு இருக்குமா என்று அண்ணனிடம் போய் மெதுவாகக் கேட்டேன். நண்பர்களுக்கு ஒரே குஷி.

"லோரி டிரைவருக்கு ஏதுடா மந்திரத் தடுப்பு? டீசல் தடுப்பு வேணா போட்டுக் குடுக்கலாம்," என்றார் ஒருவர்.

"இரு, பார்த்துடுவோம்," என்று அண்ணன் பகடையை உருட்டினார். விழுந்தது ஒன்று, இருப்பதிலேயே சின்ன எண். "போச்சு. மாமா காலி."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டேய், சும்மா விளையாட்டு லா," என்றார். ஆனால் விழுந்தது விழுந்ததுதான் என்று சற்று முன்னால் சொன்னவரும் அவர்தானே.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விபூதி பூசினார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் துடைத்துவிட்டேன்.

தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை. உருமிச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. குளித்து முடித்து, ஈர வேட்டியோடு மாமா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பூசாரி பக்கத்தில் வேறு ஒருவருக்குக் குத்திக்கொண்டிருந்தார். கன்னத்துத் தோல் கூடாரம் மாதிரி நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அடுத்தது மாமா.

"மாமா, அந்த அலகு வேணாம்," என்றேன். "பூஜை பண்ணாதது ஒண்ணு குத்திக்குங்க."

"ஏன்டா?"

பெரியவர்கள் யாரிடமும் நானாக அவ்வளவு பேசியதில்லை. சாம்பல் நிறப் பிராணி, பாதி அடி, முழு அடி, இரண்டு தடுப்பு, விழுந்த ஒன்று, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப தடுப்பு இல்லாதவனுக்கு அந்த ஆட்டத்துல வழியே இல்லையா?"

"இருக்கு மாமா. கூட்டாளி ஒருத்தன் ஒட்டி நின்னா அவனோட தடுப்புல கொஞ்சம் இவனுக்கும் வரும். அவன் விலகிட்டா போயிடும்."

"உனக்கு இருக்கா?"

"தெரியல மாமா. என் ஆளு செத்துட்டான்."

"பரவால்ல. நீயே நில்லு."

பூசாரி வந்தார். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை இறுக்கி மூடினேன். வேல் வேல் என்று சுற்றிலும் கத்தினார்கள். பிடி இறுகியது. எலும்பு நொறுங்கிவிடும் போல வலித்தது. மாமாவுக்குப் போக வேண்டியதில் பாதி எனக்கு வருகிறது என்று நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அலகு இரண்டு கன்னத்தையும் கடந்து நின்றது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அது சிறிய பால் காவடிதான். ஒரு கையால் அதைத் தோளில் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்தபடி மாமா நடந்தார். பிள்ளையை விடச் சொல்லி அம்மா எவ்வளவோ சொன்னார். அலகோடு பேச முடியாது. மாமா தலையை மட்டும் ஆட்டினார். படிக்கட்டு முழுக்க அவர் கை நடுங்கிக்கொண்டே வந்தது.

"அருள் இறங்கியிருக்கு," என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் அப்படியே நம்பினேன். நடுங்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இனி மாமாவை எந்த மந்திரமும் ஒன்றும் செய்யாது என்று நிம்மதியாகப் படியேறினேன்.

பிறகு எத்தனையோ தைப்பூசத்தில் அருள் வந்தவர்களைப் பார்த்துவிட்டேன். அவர்கள் கண் மேலே செருகியிருக்கும். பெற்ற தாய் எதிரே நின்றாலும் அடையாளம் தெரியாது. ஆனால் அன்று மாமா குகை வாசல்வரை, ஒவ்வொரு படிக்கும் குனிந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே ஏறினார்.