சாப்பிட்டீர்களா என்று கேட்காத வகுப்பு: சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஒரு நாள்

ஹெலன் மறுபடி வருகிறார். ஜனவரி இரண்டாவது வாரத்தில் சென்னையில் இறங்குகிறார். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. இதை எனக்கு உறுதி செய்தவர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் பழனிசாமி. ஹெலன் தனக்கு அனுப்பிய மின்னஞ்சலை நேற்றுக் காலை தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினார். இரண்டு முறை. இரண்டாவது முறை வாசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

சேலம், நாமக்கல் பக்கம் ஒருநாள் பயணத்துக்கு வழி எழுதும்படி சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததில் நல்ல ஒருநாள் பயணம் 1983 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில், இந்த இருவரோடும் போனதுதான். வழி இன்றும் அதேதான். கிலோமீட்டர்களும் நேரமும் என் பழைய குறிப்பேட்டிலிருந்து தருகிறேன். பேச்சுகள் பாதி குறிப்பிலும் பாதி நினைவிலும் உள்ளவை.

அப்போது நான் சேலத்தில் ஒரு நாளிதழின் செய்தியாளன். ஹெலன் இங்கிலாந்தின் வடபகுதிக்காரர், முப்பத்து நான்கு வயது. நம் ஊர் ஆங்கில ஆசிரியர்கள் பன்னிரண்டு பேருக்குப் பத்து நாள் பயிற்சி கொடுக்க வந்திருந்தார். பயிற்சியின் முடிவில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து பெங்களூருக்கு நான்கு மாத மேற்பயிற்சிக்கு அனுப்புவார்கள். இருந்தது ஒரே இடம். திரும்பி வருகிறவர் தன் வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பார். முதல் நாளே ஹெலன் தன் அளவுகோலைச் சொல்லிவிட்டார்: எந்த வகுப்பில் ஒரு பிள்ளையாவது யாரும் தூண்டாமல் தன்னிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கிறதோ, அந்த வகுப்பின் ஆசிரியருக்கே இடம்.

கடைசிச் சுற்றில் மூவர் இருந்தார்கள். முதல் இரண்டு பள்ளிகள் சேலத்தில். பிள்ளைகள் பாட்டு ஒப்பித்தார்கள், மாலை போட்டார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மூன்றாமவர் பழனிசாமி. நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளி; முப்பத்தொரு வயது. பெங்களூருக்கு ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் தவறியவர். இது மூன்றாவது முறை. வயது வரம்பின்படி கடைசி முறையும்கூட.

காலை 7.10க்கு, இன்று பழைய பஸ் நிலையம் என்கிறார்களே, அங்கிருந்து கிளம்பினோம். ராசிபுரம் 27 கிலோமீட்டர். ஹெலன் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார, நானும் பழனிசாமியும் நான்கு வரிசை பின்னால் இருந்தோம். நடத்துநர் பழனிசாமிக்குப் பழக்கமானவர்.

"அம்மிணிக்கு டிக்கெட் எங்கீங்க?"

"ராசிபுரம் மூணு குடுங்க. நம்ம பள்ளிக்கோடத்துக்குத்தான் வாராங்க."

"அப்ப இன்னைக்கி ஊரே இங்கிலீசுதானுங்களா!"

மல்லூர் தாண்டும் வரை பழனிசாமி உற்சாகமாகத்தான் இருந்தார். அதன் பிறகு நடந்ததற்கு நானே காரணம். இந்தப் பயிற்சியைப் பற்றி நான் எழுதவிருந்த கட்டுரைக்கு உதவும் என்று ஹெலன் தன் சிறிய நீல நோட்டை முந்தின நாள் என்னிடம் கொடுத்திருந்தார். நம் ஆசிரியர்கள் பேசிக் கேட்ட விநோதமான ஆங்கிலத் தொடர்களை வரிசை எண் போட்டு அதில் எழுதியிருந்தார். "என்னங்க அது, காட்டுங்க பாக்கலாம்" என்றார் பழனிசாமி. கொடுத்துவிட்டேன். ஒரு செய்தியாளன் இன்னொருவர் குறிப்பேட்டைக் கைமாற்றக் கூடாது. அன்றிலிருந்து நான் கைமாற்றியதில்லை.

மொத்தம் முப்பத்தேழு தொடர்கள். ஒன்று, 'டுடே மார்னிங்'. ஆறு, 'ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்?' இதன் பக்கத்தில், "பகல் பதினொன்றுக்கும் கேட்கிறார்கள். விருந்துக்கு அழைக்கிறார்களா?" என்று எழுதியிருந்தார். ஒன்பது, ஊரில் இல்லாதவர்கள் எல்லாம் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. பதினைந்து, 'யெஸ்ங்க மேடம்'. இருபத்திரண்டு, விடைபெறும்போது சொல்லும் 'ஐ வில் கோ அண்ட் கம்'. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: "எப்போது?" இருபத்தெட்டு, வகுப்பில் சத்தம் அதிகமானால் 'ரெட்யூஸ் த பிரஷர்'.

இந்த இருபத்தெட்டாம் தொடர் பழனிசாமியின் சொந்தச் சரக்கு. அவருடைய அண்ணன் போர்வெல் வண்டியில் வடக்கே போய்வருபவர். வண்டியோடு வந்த இயந்திரக் கையேடுதான் பழனிசாமி பள்ளிக்கு வெளியே படித்த முதல் ஆங்கிலப் புத்தகம்.

ஒவ்வொரு தொடருக்கும் எதிரே பேசியவர் பெயரின் முதல் எழுத்து இருந்தது. பழனிசாமி விரல் வைத்து எண்ணினார். பதினான்கு அவருடையவை. மீதி பதினொரு பேருக்கும் சேர்த்து இருபத்து மூன்று.

"பதினாலுங்க" என்றார். நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதிச் சில்லறை கொடுக்க வந்த நடத்துநர், "ஏனுங்க வாத்தியாரே, ஏறும்போது இருந்த இங்கிலீசு எங்கீங்க, மல்லூர்லயே எறங்கிப்போச்சா?" என்று கேட்டார். பழனிசாமி சிரிக்கவில்லை.

ராசிபுரம் 8.05. ஹெலன் ஒரு டீயும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டார். அங்கிருந்து ஆத்தூர் சாலையில் நாமகிரிப்பேட்டை சுமார் பத்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். பிறகு பள்ளிக்கு இரண்டரை கிலோமீட்டர் நடை. மஞ்சள் அறுவடை தொடங்கியிருந்தது. கொப்பரைகளில் மஞ்சள் வெந்துகொண்டிருக்க, வழி முழுக்க அந்த ஆவி கூடவே வந்தது. ஹெலன் நின்று நின்று பார்த்தார். பழனிசாமியிடம் ஏதேதோ கேட்டார். பழனிசாமி ஒரே சொல்லில் பதில் சொன்னார். 'யெஸ்.' பின்னால் ங்க இல்லை.

வகுப்பு பத்து மணிக்கு. ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்தொரு பிள்ளைகள். ஹெலன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். பழனிசாமி பாடநூலைத் திறந்து, அதில் இருந்ததை இருந்தபடியே வாசித்தார். அதில் இருந்த கேள்வியைக் கேட்டார். அதில் இருந்த பதிலை வாங்கினார். ஒரு பிழை இல்லை. நீல நோட்டில் எழுதும்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வகுப்பு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன், காரணம் புரியவில்லை. இப்படியே இருபது நிமிடம் போயிற்று. மீதி இருந்தது இருபத்தைந்து.

10.20க்கு மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் செல்வி, பிறகு கேட்டு எழுதிக்கொண்டேன்.

"சார், யூ டிட் நாட் ஆஸ்க் ஃபுட்."

பழனிசாமி புத்தகத்திலிருந்து தலையை எடுத்தார்.

தலைமை ஆசிரியர் பிறகு விளக்கிய விவரம் இது. பழனிசாமியின் வகுப்பு தினமும் 'ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்?' என்று தொடங்கும். காலையில் சாப்பிடாமல் நடந்து வரும் பிள்ளைகள் அங்கே உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாடம். பிள்ளைகளும் அவரைத் திருப்பிக் கேட்பார்கள். வகுப்புக்குள் யார் வந்தாலும் அந்தக் கேள்வி உண்டு, ஆய்வாளர்கூடத் தப்பியதில்லை. அன்று அது ஆறாம் எண் என்பதால் பழனிசாமி விட்டுவிட்டார். பிள்ளைகளைப் பொறுத்தவரை வகுப்பு இன்னும் தொடங்கவே இல்லை.

அவர் வாய் திறப்பதற்குள் செல்வி பின்னால் திரும்பிவிட்டாள்.

"மேடம், ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்?"

ஹெலன் பொய் சொல்லத் தெரியாதவர். "நோ" என்றார்.

நாற்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. 'வொய் மேடம்?' 'பஸ் லேட்டா மேடம்?' 'ஸ்டொமக் பெயினிங்?' 'இன் யுவர் ஹவுஸ் ஹூ இஸ் குக்கிங்?' 'யூ லைக் சில்லி?' ஒரு பையன் தூக்குப்போசியைத் தூக்கிக் காட்டி, 'மை ஃபுட் இஸ் தேர், யூ கம்!' என்றான். பெஞ்சுகள் நகர்ந்தன. முன் வரிசை முழுக்கப் பின் வரிசையாகிவிட்டது. அப்போதுதான் பலகைப் பக்கமிருந்து பழனிசாமியின் பழைய குரல் வந்தது.

"ரெட்யூஸ் த பிரஷர், சாமி! ஒன் பை ஒன்! மேடம் இஸ் ஒன், யூ ஆர் ஃபார்ட்டி ஒன்!"

மணி அடிக்கும் வரை இருபத்து மூன்று நிமிடம். ஹெலனிடம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளைக் கோடு போட்டு எண்ணினேன்: முப்பத்தொன்று. தூண்டியவர் யாரும் இல்லை. கேள்விகளுக்கு நடுவே ஹெலன் செல்வியின் தூக்குப்போசியிலிருந்து அரிசியும் பருப்பும் போட்டுச் செய்த சோற்றை விரலால் எடுத்துச் சாப்பிட்டார். பழனிசாமி பிள்ளைகளைச் செல்லமாக அழைப்பதைக் கேட்டு, இடையில் என் பக்கம் திரும்பி, "இந்தப் பிள்ளைகள் எல்லாருக்குமே சாமி என்றுதான் பெயரா?" என்று கேட்டார்.

ஹெலன் அன்றே திருச்சி போகவேண்டும். 11.40க்குப் பள்ளியை விட்டு, ராசிபுரம் வந்து, புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் சேர்ந்தபோது மணி 2.15. பழனிசாமி பஸ் ஏற்றிவிட வந்தார். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் சுத்தியல் சத்தம் பஸ் நிலையம் வரை கேட்டது. அங்கே நின்று, காலையிலிருந்து அடக்கி வைத்ததைச் சொல்லிவிட்டார்.

"மேடம், ஃபோர்ட்டீன் மிஸ்டேக்ஸ் ஆர் மைன்."

ஹெலனுக்கு முதலில் புரியவில்லை. நான் நோட்டை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். எனக்கு அது வேண்டியதுதான். பிறகு பழனிசாமியிடம் மெதுவாகச் சொன்னார். இது தவறுகளின் பட்டியல் இல்லை. காதில் விழுந்து மனதில் தங்கியவற்றின் பட்டியல். உங்கள் எழுத்து பதினான்கு முறை இருக்கிறதென்றால், பத்து நாளும் நீங்கள்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். மற்றவர்கள் நான் கேட்டால் மட்டும் பதில் சொன்னார்கள்.

"பெங்களூருக்கு உங்கள் பெயரைத்தான் எழுதப்போகிறேன்" என்றார்.

பழனிசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா? நீங்க சாட்சிங்க!" என்றார். எலும்பு நொறுங்கும் பிடி. முறையான கடிதம் மார்ச் மாதம் வந்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, அந்த வட்டாரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் பலர் அவரிடம் பயின்றவர்கள். அவர்கள் வகுப்பில் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

திருச்சி பஸ் கிளம்பும்போது ஹெலன் ஜன்னல் வழியாகக் கையசைத்து, தான் போவதாகச் சொன்னார். பழனிசாமி பஸ்ஸோடு கூடவே நடந்தார். "நோ, நோங்க மேடம்! போறேன்னு சொல்லக் கூடாதுங்க. நம்பர் ட்வென்ட்டி டூ!" ஹெலன் சிரித்துக்கொண்டே நோட்டை உயர்த்திக் காட்டி, இருபத்திரண்டாம் எண்ணை உரக்கச் சொன்னார்: 'ஐ வில் கோ அண்ட் கம்.'

போக விரும்புகிறவர்களுக்கு: சேலத்திலிருந்து ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இப்போது புதிய பஸ் நிலையத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. ஆனால் புறவழிச்சாலையில் பறக்கும் பஸ்ஸில் ஏறினால் ராசிபுரம் ஊருக்குள் போகாது, கேட்டு ஏறுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் போனால் மஞ்சள் அறுவடையைப் பார்க்கலாம். மாலையில் நாமக்கல் மலைக்கோட்டை ஏறுங்கள். பகல் வெயிலில் பாறை காலைச் சுடும். வழியில் யாராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்கவேண்டி வரும்.

இந்தப் பதிவு எழுதும்போது முடிவாகாதவை இரண்டு. ஹெலன் சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயிலில் வருவாரா காரிலா என்பது இந்த மாத இறுதிக்குள் தெரியும். மற்றொன்று, இருபத்திரண்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் அவரே எழுதிய "எப்போது?" அந்தத் தொடரின் முதல் பாதி 1983இலேயே முடிந்துவிட்டது. இரண்டாம் பாதி ஜனவரி இரண்டாவது வாரத்தில் எதிர்பார்க்கப்படுகிறது. அவருக்குச் சமைக்கப்போவது செல்வி.