யாரையும் பார்க்கவில்லை

அலுவலகத்தில் அவளுக்குக் கணக்குக்காரி என்று பெயர். தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து, அவள் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினால்தான் சுகாதார அதிகாரிக்குத் தொண்டையில் டீ இறங்கும். ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரைச் சந்திக்கிறார் என்று தெரிந்தால், அடுத்த மாதம் எத்தனை பேர் படுப்பார்கள் என்று கணித்துவிடலாம். அதற்காக நாற்பது வீடுகளுக்கு நோட்டுக் கொடுத்திருந்தாள். தினமும் யாரைப் பார்த்தோம் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் நோட்டு அவள் வீட்டுக்கே. எழுதியது அண்ணன்.

முத்து முத்தாக எழுதினான். "யாரையும் பார்க்கவில்லை." ஐந்து வாரமும் அதேதான். அதையே மற்ற வீடுகளுக்கும் மாதிரியாகக் காட்டினாள், பெருமை வேறு! அவர்களும் ஏறக்குறைய அப்படியே எழுதித் தந்தார்கள். தையல்காரர் நோட்டு மட்டும் வரவில்லை. முப்பத்தொன்பது போதும் என்று விட்டுவிட்டாள். கோடு சரசரவென்று இறங்கியது. கூடுதல் படுக்கை தேவையில்லை என்று அவளே கையெழுத்துப் போட, முப்பது படுக்கைகள் வேறு ஊருக்குப் போயின.

மூன்றே வாரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நெரிந்தது. எங்கே பிசகியது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, தையல்காரரின் மகள் நோட்டோடு வந்தாள். அப்பாவுக்கு மூச்சுத் திணறல், இங்கே இடமில்லை என்று அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மனிதர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். "மதியம் கடைப் பின்கட்டில் சீட்டாட்டம். வழக்கமான நாலு பேர். கணக்குக்காரியின் அண்ணனும்." பக்கத்துக்குப் பக்கம் அதே வரி.

ஊரார் பொய் சொன்னால் தொலையட்டும் என்று விடலாம். கூடப் பிறந்தவனே கழுத்தை அறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டுக்குப் போய் இரண்டு நோட்டையும் அவன் முன்னால் வைத்தாள். அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது என்று தலையைச் சொறிந்தான்.

"கோடு எறங்குனா நீ சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவ. அதைக் கெடுக்க வேணாம்னுதான் அப்படி எழுதினேன்."

"நீ எழுதினதை நம்பித்தாண்ணா முப்பது படுக்கையை அனுப்பினேன்."

போன் அடித்தது. தையல்காரரின் மகள். போகிற வழியிலேயே அப்பா போய்விட்டாராம்.

"கடைசியா ஆம்புலன்ஸ்காரங்க ரெண்டு பேரைத்தான் பார்த்தாரு. நோட்டுல எழுதிக்கங்கக்கா. ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அண்ணன் பேனாவை எடுத்து நீட்டினான். அதைத் தொடாமல், தன் பையில் வேறு பேனா தேடி எடுத்து, தையல்காரரின் நோட்டில் இரண்டு என்று எழுதினாள்.